எல்லோரும் 786

4 ஆகஸ்ட் 2008, திங்கள்
நேற்று ஞாயிறு என்றும் பாராமல் உட்கார்ந்து, எங்கள் ஏலக்காய்க் கம்பெனியின் கூடலூர் கிளைக்கு டைப் அடிக்கத் தமிழும் குமுளிக்கு மலையாளமும் கம்ப்யூட்டரில் அமைத்தேன். ஆளுக்கொரு லாகின், அவரவர் மொழி. இரண்டு கிளையும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இங்கே கம்பத்திலுள்ள சர்வரில்தான் வேலை பார்க்கின்றன.

இன்று ஒன்பது மணிக்கே கூடலூர் டைப்பிஸ்ட் மொக்கம்மாள் அக்கா போன். "ஆத்தா ஷர்மினு, 'அன்புள்ள'ன்னு அடிக்கிறேன், ஜிலேபி ஜிலேபியா மலையாளம் வருது."

அவர் லாகினில் நான் நுழைந்து பார்த்தேன். தமிழ்தான் இருக்கிறது.

6 ஆகஸ்ட்
மறுபடி ஜிலேபி.

8 ஆகஸ்ட், வெள்ளி
நான் நுழைந்தால் தமிழ். அவர் உட்கார்ந்தால் மலையாளம். அப்படியென்றால் யார் மேல் தப்பு? போனில் கத்திவிட்டேன். "எதையாவது அமுக்கித் தொலைக்காதீகக்கா."

"நான் ஒண்ணத்தையும் தொடலத்தா."

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இருபது வருஷம் மெஷினில் அடித்த கை. கம்ப்யூட்டர் என்றதும் என்ன வந்தது?

11 ஆகஸ்ட், திங்கள்
ஏலக்காய் சீசன் தொடங்கிவிட்டது. கூடலூரிலிருந்து தோட்டக்காரர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. முதலாளி அபுபக்கர் கூப்பிட்டார். "மெஷினு கோளாறா, ஆளு கோளாறா?"

ஆளுதான் என்றேன்.

நாளை முதல் அக்கா காய் தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போகிறார். நான் சொன்னது சரிதானே? சர்வரில் தப்பில்லையே — இல்லையே?

12 ஆகஸ்ட்
மறுபடியும் அக்கா லாகினில் நுழைந்து பார்த்தேன். தமிழ்தான்.

13 ஆகஸ்ட், புதன்
தேங்கிய கடிதங்களை அடிக்கக் கூடலூருக்கு ஜீப்பில் போனேன். அக்கா கூடத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எப்படி உள்ளே போவீர்கள் என்று ஒரே ஒரு தடவை காட்டும்படி கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

உட்கார்ந்தார். பெயர் கேட்கும் இடத்தில் 786 என்று அடித்தார்.

"உங்க பேரு எங்கக்கா?"

"முதலாளியோட பிஸ்மில்லா நம்பரு, மொத எழுத்து அதானத்தா. அது இல்லாம நம்ம கம்பெனில ஒரு துண்டுச் சீட்டு எழுதிருக்கமா? குமுளில டைப் அடிக்கிற சுருளியும் அதுலதான் வாராக."

786 — சோதனைக்காக முதன்முதலில் நான் போட்ட லாகின். எல்லோருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு நானே மறந்துபோனேன். எட்டு மணிக்கு சுருளி அதில் நுழைந்து மலையாளமாக மாற்றுகிறார். ஒன்பதுக்கு அக்கா அதே லாகினில் நுழைகிறார். நான் போட்ட பெயர்களை ஒருவரும் தொடவே இல்லை.

திரும்பி வந்ததும், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சர்வர் காட்டும் பட்டியலைத் திறந்தேன். 786. 786. 786. பத்து நாளில் ஒருதரமாவது இதைப் பார்த்தேனா? அந்த மனுஷிய என்னா பேச்சு பேசினேன். எனக்குத்தான் வெக்கமாயிருக்கு.

14 ஆகஸ்ட்
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "ஆளு கோளாறில்ல. நாந்தான்." கேட்டுக்கொண்டே பில்லைப் புரட்டினார். 786 லாகினை எடுத்துவிடுகிறேன் என்றதும்தான் முகம் மாறியது. "அத எடுத்துட்டுத் தொழில் பாக்கச் சொல்றியா?"

அக்காவுக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன், புலம்பலும் சேர்ந்துகொண்டது. பொறுமையாகக் கேட்டார்.

"பில்லுல மேல 786 இருக்கு, கீழ அவுக அவுக பேரு இருக்கு. அதே மாதிரி வச்சா என்னத்தா?"

மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். அவர் அங்கன உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்.

16 ஆகஸ்ட், சனி
எல்லா லாகினும் புதிது. முன்னால் 786, பின்னால் பெயர். முதலாளி பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

18 ஆகஸ்ட், திங்கள்
சர்வர் பட்டியலைத் திறந்துவைத்தேன். எட்டு மணிக்கு 786சுருளி. ஒன்பது. ஒன்பதே கால். கூடலூர் வரிசை காலி. டீ ஆறிப்போனது.

ஒன்பது இருபதுக்கு 786மொக்கம்மாள்.

ஜிலேபி வந்தால் கூப்பிடுவார் என்று போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை அது அடிக்கவில்லை.