உலைச் சாம்பல் இனிக் கரைக்கு வரலாகாது

வானுக்கும் கடலுக்கும் வரம்பிட்ட சர்வேசுரனின் திருவருள் முன்னிற்க, குன்றையும் கரையையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் வெண்மணல் நாட்டின் அரசி பிரகாசி நாச்சியார், நெடுங்குன்றத் தலைநகரில் வீற்றிருக்கும் மகாமந்திரியும், அரச இரும்புலைகளின் அதிகாரியும், எம் தாயுடன் பிறந்த மாமனுமாகிய பெலவேந்திரனாருக்குச் சங்குத்துறைக் கடற்கரையிலிருந்து விடுக்கும் ஓலை. உமக்கும் அத்தைக்கும் உம் வாசலை நம்பி வாழ்வோர் அனைவருக்கும் சமாதானம் உண்டாவதாக. உமது இருமல் தணிந்ததென்று கேட்டு மகிழ்ந்தோம்.

தவக்காலம் தொடங்கும் புதனன்று நாடெங்கும் நெற்றியில் இடும் சாம்பல், அரச உலையிலிருந்தே போகவேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கம். இவ்வாண்டு நீர் அதனோடு ஒரு கட்டளையும் சேர்த்து அனுப்பினீர். கடல் ஊருக்குள் ஏறியது கரையாரின் பாவத்தால் என்றும், சாம்பல் பூசி மனம் வருந்தினவர்க்கே களஞ்சியத்து அரிசி என்றும் அதில் கண்டிருந்தது. உலைவேலை தடைபடும் என்று தலைநகருக்கு மட்டும் அன்றைய நோன்பிலிருந்தும் சாம்பலிலிருந்தும் விலக்கும் அளித்தீர். நன்றாயிருக்கிறது உமது பக்தி!

சங்குத்துறையில் லூசியாள் என்னும் மீனவ விதவை அந்தச் சாம்பலை மறுத்தாள். அவளைப் பார்த்து ஊரே மறுத்தது. உம்முடைய ஆட்கள் களஞ்சியத்தைப் பூட்டி, அவளைச் சுங்கச்சாவடியில் அடைத்தார்கள். செய்தி கேட்டு, உமக்குச் சொல்லாமலே யாம் பல்லக்கேறி வந்தோம். வந்து பார்த்தால், குழந்தைகள் கஞ்சிக்கு அழுகின்றன. கிணறுகள் உப்பாகிவிட்டன. காயவைத்த மீனெல்லாம், பெய்யக்கூடாத மாதத்தில் பெய்த மழையில் அழுகிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. தன் புருஷனுக்கு எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று ஒரு கிழவி எம்மிடம் கேட்டாள்.

லூசியாளை அழைத்து, சாம்பலை ஏன் மறுத்தாய் என்று வினவினோம். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதும்படி ஓலைநாயகத்துக்குச் சொன்னோம். "தாயே, இது எங்க அடுப்புல எரிஞ்ச சாம்பல் இல்ல. உங்க உலையில எரிஞ்ச காடு. எரிச்சவுக நெத்தி அங்க வெறுமனே கெடக்கு, நனைஞ்சவுக நெத்திக்கு எதுக்கு அனுப்புறீக? நான் பாவி இல்லேன்னு சொல்லல. என் பாவத்துக்கு நான் அழுதுக்குவேன். உங்க பாவத்துக்கும் நானா அழணும்?"

எமக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது, மாமா. கோபம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை.

குன்றுக்காட்டைத் தலைமுறை தலைமுறையாக உலைக்குத் தின்னக் கொடுத்தோம். புகை வானத்தை மூடிற்று, வெக்கை ஏறிற்று, மழை தன் மாதத்தை மறந்தது, கடல் தன் எல்லையைத் தாண்டிற்று. இரும்பு விற்ற செல்வம் குன்றில் தங்கிவிட, வெள்ளம் மட்டும் கரைக்கு இறங்கியது. இவர்கள் எந்தக் காட்டையும் எரித்தவர்கள் அல்லர். இவர்களுடைய கட்டுமரம்கூட நாம் விலைக்கு விற்ற மரந்தான். பூமி ஆண்டவருடையது, நாம் அதைக் காக்க வைக்கப்பட்டவர்கள் என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு, திங்களன்று கோடரியோடு போனோம். துன்பப்படுகிறவனையே குற்றவாளி என்று தீர்ப்பது எளிது. ஆனால் நம் ஆண்டவர் துன்பப்படுகிறவன் பக்கத்தில் அல்லவா நிற்கிறார்? ஆகையால் இவர்களுக்கு நாம் கொடுப்பதைத் தருமம் என்று இனி எவரும் எழுதலாகாது. அது இவர்களுக்கு உரியது.

உலை அணைந்தால் கருவூலம் என்னாவது, பகைவன் வந்தால் வாளுக்கு எங்கே போவது என்று நீர் கேட்பீர். நியாயமான கேள்விதான், யாமும் அதை எண்ணித் தூக்கமின்றிக் கிடந்தோம். முழு விடை எம்மிடம் இல்லை. ஆனால் காப்பாற்றவேண்டிய குடிகளையே மூழ்கடித்துவிட்டு, வாளை வைத்துக்கொண்டு யாரைக் காக்கப்போகிறோம்?

ஆதலின் எம் ஆணையாவது: லூசியாளை யாமே விடுவித்தோம், களஞ்சியமும் திறந்தாயிற்று. சாம்பல் மூட்டைகள் இந்த ஓலையோடே திரும்பி வருகின்றன. ஒன்றைத் தவிர மற்ற உலைகளை அணைக்க எம் வீரர் முன்னரே புறப்பட்டுவிட்டார்கள், தடுக்கவேண்டாம். அந்த ஒன்றும் கலப்பைக்கும் தூண்டில் முள்ளுக்கும் மட்டுமே எரியும். உலையாட்கள் மேல் பழியில்லை. அவர்கள் இனிக் காடு நடட்டும், கூலி குறையலாகாது. குன்றடியில் உமக்கு விட்ட மானியத் தோப்பை, வீடிழந்த சங்குத்துறையாருக்கு இன்றே எழுதி வையும். அத்தை வருந்துவார். யாமும் வருந்துகிறோம், ஆயினும் ஆணை மாறாது.

இதில் தவறுவோர் எம் முத்திரைக்கும் மேலான நீதிபதிக்கு விடை சொல்லக் கடவர். சிலுவை முத்திரை இட்டோம்.

வரும் ஞாயிறன்று நீரும் எம்மோடு இங்கே திருப்பலி காணவேண்டும். பாதரட்சை இன்றி வாரும். கோயில் தரை தண்ணீருக்குள் இருக்கிறது. முழந்தாளிட்டால் தண்ணீர் மார்புக்கு ஏறும். இங்குள்ளோர் அப்படி முழந்தாளிட்டுத்தான், உமக்கும் எமக்கும் ஆயுள் நீடிக்கவேண்டுமென்று இன்னமும் செபிக்கிறார்கள்.