எடைக்கு எடை கருப்பட்டி

மதினி, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீங்க பிழைச்சு வருவீங்க என்று சொன்னேன். கொட்டின முடி சுருட்டையாகத்தான் முளைக்கும் என்று சொன்னேன். ஏறின உடம்பு இறங்கும், இறங்கும்போது அண்ணன் பயந்து நடுங்குவான் என்றுகூடச் சொன்னேன். சேரன்மகாதேவியில் அப்போது என் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் சாட்சி. அதில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அதற்காகச் சாட்சியே இல்லை என்று ஆகிவிடுமா?

இன்றைக்குக் காலையில் என் மகன் கடையில் உடன்குடிக் கருப்பட்டி வந்து இறங்கியது. ஓலைப்பெட்டியின் வாயைப் பிரித்ததும் கொஞ்சம் புகை, கொஞ்சம் பதநீர், கொஞ்சம் சுண்ணாம்பு என்று அந்த வாசம் மூக்கில் ஏறியது. உடனே, தராசுத் தட்டில் சம்மணம் போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்க முகம் வந்து முன்னால் நின்றது. மகனிடம், "ஏலே, நீயே எண்ணி எடுத்து வை, எனக்கு வேற வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்க மகள் கேட்டு ஒரு மாசம் ஆகிறது. "சித்தப்பா, அம்மாவோட வருசத் திதிக்கு எல்லாரும் கூடுதோம். நீங்க ஒண்ணு எழுதித் தாங்க, நான் வாசிக்கேன். ஆனா ஒண்ணுக்கு ஒன்பதா எழுதிராதீங்க" என்றாள். உங்க பிள்ளைதானே, அந்த வாய் எங்கே போகும்? நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்கு உள்ளது உள்ளபடிதான் எழுத வரும்.

என் தொழிலும் அப்படிப்பட்டது. நெல்லுத் தரகு. மூட்டையைத் தொடாமல் கண்ணாலேயே எடை சொல்லுவேன். கொற்கையில் பாண்டிய ராஜாவுக்கு முத்து எடை போட்ட வம்சம் நாங்கள். இதை நான் சொன்னபோதெல்லாம் நீங்க, "அப்போ ராஜா எதுனால நொடிச்சுப் போனாருன்னு இப்பத்தான் விளங்குது" என்பீங்க.

நீங்க அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு எந்தச் சேதி வந்தாலும் முதலில் உங்க காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ஆனால் உங்க மார்பில் கட்டி என்ற சேதியை மட்டும் நீங்க யாருக்கும் லைன் போட்டுக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கே பத்து நாள் கழித்துத்தான் சொன்னீங்க. திருவனந்தபுரத்தில் ஆபரேசன். உங்களை உள்ளே கொண்டுபோன நேரம், அண்ணன் வராந்தாவில் கிழக்கே பார்த்து நின்று, "சாஸ்தாவே, இவ பொழைச்சு வந்தா எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன்" என்று நேர்ந்துகொண்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணே, எடை கூடிக்கூடப் போகும், பாத்து நேந்துக்க" என்று அப்போதே சொன்னேனா இல்லையா?

கூடித்தான் போனது. ஊசி மேல் ஊசி, பிறகு தினம் ஒரு மாத்திரை. அந்த மருந்துக்கு உடம்பு ஊதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அது போதாது என்று அண்ணனும் தன் பங்குக்கு ஊதினான். தாலுகா ஆபீசில் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத மனுசன், கரண்டியைப் பிடித்துத் தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்தான். தாம்பாளத்தில் நெய் மிதந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் அல்வா கொண்டுவந்து, "தேறிட்டீயளே மதினி! கன்னமெல்லாம் வச்சு இப்பத்தான் பாக்க லெட்சணமா இருக்கீய" என்றார்கள். நம்ம ஊரில் வேறு என்ன தெரியும்? இளைத்தால் நோய், பெருத்தால் சுகம்.

உங்களுக்கு அது சுகமாக இல்லை. வளையலை ஆசாரி வந்து வெட்டித்தான் எடுத்தார். வேலைக்குத் திரும்பின முதல் நாள், எக்ஸ்சேஞ்சில் கை வைத்த நாற்காலிக்குள் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து லைன் போட்டீங்க. அன்றைக்குச் சாயங்காலம் நான் எதற்கோ வீட்டுக்கு வந்தேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே பேசினீங்க.

"வே, இதுக்குள்ள எவளோ ஒருத்தி நிக்கா. என் சேலையக் கட்டிக்கிட்டு என்னையே பாக்கா. பொழைச்சுட்டே பொழைச்சுட்டேங்காவ. பொழைச்சது இவளா நானான்னுதான் தெரியல."

நான் குரலைத் தாழ்த்தினேன். சரித்திரத்திலேயே அது முதல் தடவை. கருப்பட்டி போட்டு நேர்ச்சையைத் தீர்த்துவிட்டால் மனசு சமாதானம் ஆகும் என்று மெல்லச் சொன்னேன். நீங்க திரும்பி ஒரு பார்வை பார்த்தீங்க.

"இந்த உடம்புக்குப் போட்டா அதுக்குப் பேரு நேர்ச்சை இல்ல வே, மொத்த வியாபாரம். நான் நானா ஆன பொறவு வந்து உக்காருதேன். சாமி அதுவரைக்கும் பொறுக்கும்."

நடக்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதில்தான் சிக்கல். உடம்பைக் குறைக்க நடப்பதெல்லாம் நம்ம ஊரில் அப்போது ஆண்களே செய்யாத காரியம். நடுவயசுப் பொம்பளை ஒருத்தி கையை வீசிக்கொண்டு வெள்ளென வாய்க்கால் கரையில் வேகமாகப் போனால் என்ன நினைப்பார்கள்? முதல் நாளே நாலு பேர் பதறி ஓடிவந்து, "என்ன டெலிபோன்காரம்மா, வேகுவேகுன்னு போறீய? யாருக்கு என்ன?" என்று கேட்டார்கள். ஒருத்தர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார், எந்த வீட்டுத் துட்டி, செத்தது யார் என்று தெரியாமலே. நீங்க பாதியில் திரும்பி வந்துவிட்டீங்க.

அப்போது வழி சொன்னது யார்? நான். "மதினி, கையில ஒரு வயர் கூடையப் பிடிச்சுக்கங்க. கூடை இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றேன். உலகத்தில் பெரிய பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இப்படித்தான் சின்னதாக இருக்கும். மறுநாளிலிருந்து பச்சை வயர் கூடையோடு நடந்தீங்க. யாரும் கேட்கவில்லை. என்ன, கொஞ்ச நாளில் ஊர்ச் சாமான் எல்லாம் கூடையில் ஏற ஆரம்பித்தது. "அந்தப் பக்கந்தான போறீய, இந்தக் கீரைய எங்க அக்கா வீட்ல குடுத்துருங்க." "வரும்போது மோர் வாங்கியாங்க." ஆபரேசன் செய்த பக்கத்துக் கை வீங்கும் என்பதால் மற்றக் கையில் தூக்கி நடந்தீங்க. நீங்க அந்த வருசம் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் காசிக்குப் போய்க் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். நான் கூடவே நடந்தேன். சைக்கிளில்.

உடம்பு இறங்கியது. முதலில் முகம், பிறகு கழுத்து. ஒருநாள் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கப் போட்டீங்க. தையல்காரர் கொண்டுவந்து கொடுத்தது அண்ணன் கையில். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் விடியற்காலம் உங்க செருப்பைக் காணவில்லை.

வீடு முழுக்கத் தேடினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் எடுத்தேன். அண்ணன் ஒளிக்கவும் தெரியாதவன், மறைக்கவும் தெரியாதவன்.

"இனி நடக்க வேண்டாம். ஒரு பொட்டு குறையப்படாது" என்றான், எங்களைப் பார்க்காமல்.

"குறையணும்னுதான நடந்தேன்?"

"எங்க அம்மா இப்படித்தான் இளைச்சா." அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "'உடம்பு எறங்கினதும் சின்னப்பிள்ள மாதிரி இருக்கியம்மா'ன்னு நான்தான் அவகிட்ட சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பொறவு மூணு மாசம்கூட இருக்கல."

அண்ணன் அதை அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. கூடப் பிறந்த என்னிடமும். நீங்க போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீங்க. கோபப்படுவீங்க என்று பார்த்தேன். பைய, ரகசியம் சொல்லுகிற மாதிரிப் பேசினீங்க.

"எனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லன்னா நெனைச்சீய? ஜாக்கெட் தொளதொளன்னு ஆன அன்னைக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. நடந்ததுல குறைஞ்சுதா, அது திரும்ப வந்து குறைக்குதா?" பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீங்க. "கண்ணாலயே எடை சொல்லுதவரே, நீரு சொல்லும். எந்தத் தராசு இதைச் சொல்லும்?"

பாண்டிய ராஜாவிடமே அப்படி ஒரு தராசு இருந்திருக்காது, மதினி.

டாக்டரம்மா மறுபடி வரச் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. மூன்று பேரும் அதற்கு முன்னாலேயே திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறிவிட்டோம். அண்ணன் புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் பிரிக்கவில்லை, அதற்குப் பிறகும் பிரிக்கவில்லை. அங்கே ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டு, மலையாளம் கலந்த தமிழில், "ஒண்ணும் இல்லா. எல்லாம் கிளீன். நிங்கள் நடந்து குறைச்சதாணு. இனியும் நடக்கணும்" என்றாள். அண்ணனுக்கு அது போதவில்லை. "நடந்ததுல தானே?" என்று மறுபடி கேட்டான். வெளியே வந்து, வாசல் திரும்புகிறதுக்குள் என்னிடமும் ஒருதடவை கேட்டான். புளியோதரை வரும்போது கெட்டுப்போயிருந்தது. அதையே தின்றோம்.

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினதும் அண்ணனைக் காணோம். பதறித் தேடினால், கையில் அட்டைப்பெட்டியோடு வருகிறான். உள்ளே வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"என்ன இது? நான் என்ன அஞ்சாங்கிளாஸ் பிள்ளையா?"

"செருப்புன்னா ஒளிச்சு வைக்கத் தோணுது. இது பெருசு. ஒளிக்கதுக்கு வீட்ல எடம் இல்ல."

சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ, கையில் பச்சைக் கூடை. அப்படி ஒரு காட்சியைத் தாமிரபரணி அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

அடுத்த பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் துலாபாரம் என்று முடிவானது. கருப்பட்டி வாங்கும் பொறுப்பு எனக்கு. முன்கூட்டி உங்களை எடை போடட்டுமா என்று அண்ணன் கேட்டான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "என் கண்ணு எதுக்கு இருக்கு?" என்று, உங்களை வாசலில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்து, கணக்குப் போட்டு வாங்கிவந்தேன். கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "ஒரு கருப்பட்டி கூடாது, ஒரு கருப்பட்டி குறையாது, பாத்துக்கிடுங்க" என்று நடுவில் நின்று சொன்னேன். நீங்க தட்டில் ஏறிச் சம்மணம் போட்டீங்க. பூசாரி எதிர்த் தட்டில் கருப்பட்டியை அடுக்கினார். கடைசிக் கருப்பட்டியை வைத்தார். தட்டு ஆடியது, அசைந்தது, நேராக நின்றது. முள்ளு நடுவில். குலவைச் சத்தம் காதை அடைத்தது. அந்த நேரம் மேலே இரண்டு கருடன் வட்டமிட்டது. மூன்று என்றும் சொல்லுகிறார்கள். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான், அதை மட்டும் நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருசத்துக்கும் மேலே இருந்தீங்க. எக்ஸ்சேஞ்சில் மிசின் வந்து லைன் போடுகிற வேலை போனது, நீங்க ரிட்டையர் ஆனீங்க, ஆறு ஜோடி ஷூ தேய்ந்தது. அண்ணனை முன்னால் அனுப்பிவைத்தீங்க. அந்த நோய் திரும்பி வரவே இல்லை. போன வருசம் உங்களைக் கொண்டுபோனது வயசுதான்.

பச்சைக் கூடை இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பிடி அறுந்ததைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். எனக்கும் சர்க்கரை, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வாய்க்கால் கரையில் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இப்போதெல்லாம் கூடை இல்லாமல் நடந்தாலும் யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் கை வெறுமையாக இருந்தால் கால் நகர மாட்டேன் என்கிறது. எந்தக் கோயிலில் துலாபாரம் நடந்தாலும் நின்று பார்ப்பேன். எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள். நான் தட்டுக்குக் கீழே, தரையைப் பார்ப்பேன்.

ஏன் என்பதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உங்க மகள் எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறாளே. சரி, வாசிக்கட்டும்.

கடைசிக் கருப்பட்டி வைத்தபோது உங்க தட்டு தரையைவிட்டு நாலு விரல்கூட ஏறவில்லை. உங்க உடம்பில் பழைய எடைக்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருந்தது. நடந்தும் போகாத மிச்சம். என் கண்ணுக்கு அது தெரியவில்லை. பூசாரி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீங்க. சேலைக் கரையை இழுத்துவிடுகிற மாதிரி இழுத்துவிட்டு, வலதுகால் பெருவிரலைத் தரையில் ஊன்றினீங்க. தட்டு பைய ஏறியது.

மறுநாள் காலையில் பச்சைக் கூடை கனமாக இருந்தது. "என்ன மதினி, மோரா?" என்றேன். "கருப்பட்டி. மிச்சத்தக் கொண்டு போறேன். சாமிய ஏமாத்தப்படாது" என்றீங்க. உடம்பு இன்னும் கொஞ்சம் குறையணுமே, அதற்கு என்ன செய்யப் போறீங்க என்று கேட்டேன். "அது இருந்துட்டுப் போட்டும் வே. இப்பல்லாம் கண்ணாடியில நான்தான் நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தீங்க.

தராசு நேராக நின்றது நிஜம், மதினி. தானாக நின்றது என்பதுதான் நான் சேர்த்தது.