அரை நூல் நீட்டிய தோட்டா

1913 ஜனவரி 14, அம்பாசமுத்திரம்
பள்ளி நோட்டுகள் திருத்தியபின் தோட்டா அடைத்தேன்: கூட்டில் மருந்து, அதன்மேல் குண்டு. வாதத்தால் என் கணவர் விரல்கள் நுணுக்க வேலைக்கு மடங்காமல் போனதிலிருந்து இது என் வேலை. காட்டு ரேஞ்சரான அவருக்குச் சர்க்கார் கொடுத்த துப்பாக்கி பழையது. சுட்டுச் சுட்டுக் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் புரி தொடங்கும் இடம் தேய்ந்துவிட்டது. குண்டு புரியைத் தொடுமுன் வெற்றிடத்தில் தாவுகிறது. குறி சிதறுவது அதனால்தான். கூட்டுக்குள் குண்டை அரை நூல் அளவு குறைவாக அழுத்தி, புரியைத் தொடும்படி வெளியே நீட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 18
அவர் சுட்டுப் பார்த்தார். ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள். காட்டுக் காவலாள் சங்கிலிபூதத்தான் குறிப்பலகையைத் தூக்கிவந்தான். “ஐயா சுட்டாவளா, இல்ல நீங்க விரலால குத்துனியளாம்மா?” சிரித்தேன். நாற்பது தோட்டாவையும் அப்படியே அடைத்தேன்.

பிப்ரவரி 3
மலையில் சங்கிலிபூதத்தானைக் கரடி அடித்துவிட்டது.

பிப்ரவரி 5
விடியற்காலையில் போய்விட்டான்.
அவர் இன்றுதான் சொன்னார். ஓடையைக் கடக்குமுன், தவறி வெடிக்காமலிருக்க, வழக்கம்போலத் தோட்டாவை வெளியே எடுத்திருக்கிறார். கூடு மட்டும் வந்தது. நீட்டிய குண்டு புரியில் கவ்விக்கொண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. மருந்து கையில் கொட்டியது. வேறு தோட்டா போகவில்லை. குழலுக்குள் கம்பியை நுழைத்துக் குண்டைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கரடி வந்தது.
பலகைக்குப் போட்ட தோட்டாவையெல்லாம் சுட்டுவிட்டோம். சுடாமல் எடுத்தால்? — நான் யோசிக்கவேயில்லை. இத்தனை படித்தும்.
‘துப்பாக்கி பழுது’ என்று அறிக்கை எழுதிவிட்டார். “ஒம் பேர எதுக்கு இழுக்கணும், எலிசபெத்?” அதற்குப்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9
அவரிடம் சொல்லாமல் சங்கிலிபூதத்தானின் மனைவி சுடலைவடிவிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அழவில்லை அவள்.
“துப்பாக்கி பழசுன்னு ஐயா சொன்னாவ. இரும்பு, அதுக்கென்ன தெரியும்னு மனசத் தேத்திக்கிட்டேன். இனிம ஒங்களத்தானம்மா நெனைக்கணும்.”
நான் எழுந்தபோது, “பையப் போங்க, வெயிலாயிருக்கு” என்றாள்.
யாருக்காகச் சொன்னேன்? அவளுக்காகவா?

பிப்ரவரி 10
என்னால சாப்பிட முடியல. ஜெபமும் வரல.

ஏப்ரல் 20
அறிக்கையைப் பார்த்து இலாகா புதுத் துப்பாக்கி அனுப்பியிருக்கிறது. பரிசாக வந்ததுபோல் பளபளக்கிறது. கூடவே கம்பெனியில் அடைத்த தோட்டாக்கள். மருந்து நிறுக்கும் என் தராசையும் குண்டு வார்க்கும் அச்சையும் அவர் ஒரு பெட்டியில் எடுத்து வைத்தார். பரணில் எனக்கு எட்டாத உயரத்தில் வைக்க ஏணி போட்டார். 
ஏணி ஆடியது. பிடித்துக்கொண்டேன்.