ரெண்டு சுத்து பாக்கி

மச்சான்,

முந்தாநாள் சுந்தரபாண்டியத்திலிருந்து உங்கள் வீட்டு அக்கா பஸ் ஏறி வந்திருந்தார்கள். மடியில் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய் டப்பா. சிவப்பு மூடி. "தம்பி, இது ஒங்க மச்சான் கடைசியா மூடுனது. தெருவுல அம்புட்டுப் பேருட்டயும் குடுத்துப் பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் அசையல" என்று என் முன்னால் வைத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த மூடியில் கை வைக்கக் கூசியது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இந்தச் சேதி அவளுக்கும் புதுசு.

எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும். கிணற்றில் மோட்டார் குழாயின் அடியில் கிடக்கிற புட்வால்வு அடைத்துக்கொண்டால், மூச்சைப் பிடித்து முங்கிக் கழற்றி மாட்ட உங்களை விட்டால் ஆள் இல்லை. மகாராஜபுரத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். கை தடவித்தான் அதுவரை வேலை செய்தீர்கள். பிறகுதான் ராஜபாளையத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற பாய் கடையில் அந்த டார்ச் லைட்டை வாங்கினீர்கள். தண்ணிக்குள்ளும் எரியும். மூடிக்கு அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், அதுதான் தண்ணியைத் தடுப்பது. கூடவே சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு டியூப்பு, உள்ளே வெள்ளையாக ஒரு பசை.

"ரப்பருக்கு இதத் தவிர வேற எண்ணெயக் காட்டிராதீங்க" என்றார் பாய். "தீந்துட்டா சொல்லுங்க, வரவழைச்சுத் தாரேன். அதுவரைக்கும் ஒண்ணும் போடாம இருந்தாலும் பாதகமில்ல."

நீங்களும் அப்படியே செய்தீர்கள். பழைய துணியால் வளையத்தைத் துடைப்பீர்கள். மூடி திருகுகிற மரையில் இருக்கிற மணலைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தட்டிவிடுவீர்கள். பிறகு ஒரு அரிசி அளவு பசை. வளையம் லேசாக மினுங்கியதும் நிறுத்திவிடுவீர்கள். "ஒங்க தங்கச்சி தலைக்குக்கூட இம்புட்டுச் சிக்கனமா எண்ணெய் வைக்க மாட்டா மச்சான்" என்று கேலி செய்தேன். "இது என்ன ஒங்க மில்லு எண்ணெயா மாப்ளே, அள்ளி ஊத்துறதுக்கு" என்றீர்கள்.

மில்லில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுவதுதான் என் வேலை. இருபது வருசம். எந்த பேரிங் வறண்டிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தக் கொழுப்புதான் எனக்கு.

டியூப்பு தீர்ந்துபோன ஒரு நாள் லைட்டைக் கொண்டுவந்தீர்கள். மரையில் மணல் ஏறி மூடி திருக மாட்டேன் என்றது. "மரைய மட்டும் தொடச்சுக் குடுங்க மாப்ளே. ரப்பருட்டப் போகாதீக. பாய் சரக்கு வர ஒரு மாசம் ஆகுமாம்." சரி என்றேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது தாளில் கொஞ்சம் கிரீஸ் மடித்துக் கொண்டுவந்தேன். மரைக்குத் தடவினேன். வளையம் வறண்டு கிடப்பது மாதிரி பட்டது. அதற்கும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன், தாராளமாக. மூடி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. மில்லில் ரப்பர் உருளைகள் உண்டு. அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் மேஸ்திரி என் பிறப்பையே இழுத்து ஏசுவார். நூலில் கறை படும் என்றுதான் அந்தச் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். ரப்பருக்கும் ஆகாதோ என்று ஒரு நாளாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

நீங்கள் வந்து திருகிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டீக?" என்றீர்கள்.

"ஒண்ணும் போடல மச்சான். தொடச்சேன், அம்புட்டுத்தான்."

"கைன்னா இது கை" என்று அக்காவிடம் காட்டினீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னது.

பத்து நாள் கழித்து மகாராஜபுரம் தோப்புக் கிணறு. எனக்கு அன்று லீவு. கயிறு பிடிக்க நானும் வந்திருந்தேன். உச்சி வெயில். நீங்கள் மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் முங்கினதும் பச்சைத் தண்ணிக்குள் வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. அடியில் போய் நின்றது. செத்த நேரத்தில் மங்கியது, ஒரு தரம் துடித்தது, அப்புறம் இல்லை.

இருட்டில் தடவியிருக்கிறீர்கள். வால்வுச் சல்லடையின் துருப்பிடித்த தகடு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மேலே வந்தபோது உங்களைச் சுற்றித் தண்ணி நிறம் மாறிக்கொண்டு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து லைட்டைக் கழற்றினேன். தண்ணி கொட்டியது. வளையம் ஊறின புளி மாதிரி உப்பி, கொழகொழவென்று, இருந்த குழியைவிட்டுப் பிதுங்கி நின்றது. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

உள்ளே வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். "மூடியச் சரியாத் திருகலையோ மாப்ளே?"

அந்த இடம்தான் மச்சான். தெரியலையே என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். நான் சொன்னேன்: "ரெண்டு சுத்து பாக்கி இருந்துச்சு."

"அப்ப என் தப்புதான்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதோடு கிணற்றில் இறங்குவது நின்றது. யாரோ ஒருத்தருடைய தோப்புக்குக் காவல் இருந்தீர்கள். புதிதாக முங்குகிறவர்களிடம், "என்னைய மாதிரி அவசரப்படாதீக. மூடியப் பாத்துத் திருகுங்க" என்று சொல்வீர்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

வீட்டில் எந்த மூடியையும் இடது கையால் ரெண்டு சுத்து கூடுதலாக இறுக்க ஆரம்பித்தீர்கள். மாவு டப்பா, தைல பாட்டில், எதையும் விடவில்லை. அக்கா ஏசுவார்கள்: "இவுக மூடுனா எமன் வந்தாத்தான் தொறக்கணும்." நான் வரும்போதெல்லாம் நாலு டப்பாவை வரிசையாக வைப்பார்கள். நான் திறந்து கொடுப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு வருசம் இப்படியே. போன வருசம் நீங்கள் போய்ச்சேர்வதற்கு முன்னால் படுக்கையில் கிடந்தபோதும் தண்ணி பாட்டிலை வாங்கி, முடியாத கையால் திருகிக்கொண்டே இருந்தீர்கள். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

முந்தாநாள் டப்பாவைத் திறக்கும் முன்னால் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கிரீஸ், வளையம், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாம். ஏசுவார்கள் என்றுதான் இருந்தேன். அவர்கள் மூடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்கள்.

"அப்ப அவுக சரியாத்தான் மூடியிருக்காக" என்றார்கள். பிறகு மெதுவாக, "இதப் போன வருசம் சொல்லியிருந்தா, ஒரு டப்பாவையாவது நிம்மதியா மூடியிருப்பாகளே தம்பி."

வெந்நீர் ஊற்றி, துணி சுற்றித் திறந்தேன். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, திரும்ப மூடித் தரச் சொன்னார்கள். மூடினேன். மூடி நின்ற பிறகும் என் கை நிற்கவில்லை.

அந்த வளையம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உப்பல் வற்றிக் காய்ந்து வெடித்துவிட்டது. மடியிலேதான் வைத்திருக்கிறேன். மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதம்மா, இதையும் எழுது.

ரெண்டு சுத்து பாக்கி இல்ல மச்சான். அன்னைக்கும் இல்ல.