சரசு எடுத்துக் கொடுத்த ஜமுக்காளம்

என் உசுருக்கு உசுரான அக்கா,

நீ கண்ணை மூடிய பிறகும், உன் படத்து முன்னால் நின்று சொல்லாமல் நான் மறைத்தது எதுவும் கிடையாது. இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். முகம் பார்த்துச் சொல்ல முடியாதபடி அவ்வளவு வெட்கமா இருக்கு.

எனக்கு இடுப்பு வலி கூடிப்போச்சு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க ஏலாது. பந்தியில் எல்லாரும் கீழே உட்கார்ந்து சாப்பிட, எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு நாற்காலி. டாக்டர் யோகா பழகச் சொன்னார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் டீச்சரம்மா ஒருத்தர் பொம்பளைகளுக்குச் சொல்லித் தர்றாங்க. வீட்டுக் கோரைப்பாயோடு போனேன். சிமெண்டுத் தரையில் அது வழுக்கி, முன்னால் இருந்தவள் முதுகில் போய் முட்டினேன். "ஆச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றாள் அவள். மாடியே சிரித்தது. "வழுக்காம, எலும்பு உறுத்தாம ஒரு விரிப்பு பார்த்து வாங்கிட்டு வாங்க" என்றார் டீச்சரம்மா.

நம்ம தெருமுனைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். உன் கல்யாணத்துக்கு அந்தக் கடைக்காரன் அப்பன் விற்ற பாய் ஆடி முடியறதுக்குள்ளே நார் நாராகப் பிரிஞ்சதே, அதை நான் மறப்பேனா? அந்த வீம்பில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். வீம்புதான் என்னை மாட்டிவிட்டது.

அங்கே பாய்க்கடை ராவுத்தர் எல்லாத்தையும் விரித்துக் காட்டினார். "படுத்துப் பார்க்கணும்" என்றேன். "ஆச்சி, இது கடை" என்றார். "படுக்கத்தானே விக்கிறீரு?" என்று கேட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பாயில் மல்லாந்தேன். எந்திரிக்கப் பார்த்தால் முடியலை அக்கா. கை ஊன்ற ஊன்றப் பாய் நழுவுது. தெருவில் போறவங்க எட்டிப் பார்க்கிறாங்க. என்னைத் தொடக் கூசிய ராவுத்தர், கடைக்கு வந்த ஒரு அம்மாவிடம், "செத்த ஒரு கை குடுங்கம்மா" என்றார்.

அவள் தூக்கி உட்கார வைத்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததில் மடக்மடக்கென்று குடித்துவிட்டேன். பொறவுதான் முகத்தைப் பார்த்தேன். உன் நாத்தனார் சரசு!

சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் நீ சீர்த் தாம்பாளத்தைத் தூக்கப் போனபோது, "பிள்ளை பெறாதவ தட்டைத் தொடாதே" என்று அம்புட்டுப் பேர் முன்னால் சொன்னவள். நீ சாப்பிடாமல் திரும்பி நடந்தாய். அவள் கைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். இத்தனை வருஷம் காத்ததை ஒரு செம்பில் விட்டேனே.

"ஏட்டி, நீயா? எம்புட்டுக் கனம் கனக்கே!" என்று சிரித்தாள். "பிளாஸ்டிக்க எவளாவது விரிப்பாளா? வேர்த்தா ஒட்டும், நகண்டா வழுக்கும். இந்த ஜமுக்காளத்தை எடு. ரெண்டா மடிச்சுப் போடு. பேத்தி கல்யாணத்துக்கு நானும் இதுதான் எடுக்கேன். பத்திரிகை வைக்க வாரேன்."

ராவுத்தர் கயிறு எடுக்க உள்ளே போனதும் சொன்னாள்: "உங்க அக்காவ அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுட்டி."

ஊரைக் கூட்டிச் சொன்னதை, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திரும்ப எடுத்துக்கிட்டா ஆச்சா? அப்படிக் கேட்டிருக்கணும். கேட்காமல், அவள் எடுத்துக் கொடுத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்னொரு வெட்கத்தையும் கேளு. அந்த ஜமுக்காளம் சுகமா இருக்கு. நழுவலை, உறுத்தலை. யோகா முடியும்போது டேப்ரிக்கார்டரில் புல்லாங்குழல் போட்டு, கண்ணை மூடிப் படுக்கச் சொல்வாங்க. எல்லாரும் மூச்சைக் கவனிப்பாங்க. எனக்கு உன் முகந்தான் வரும். இதைத் தூக்கி எறியவா? கோபமா இருக்கியா, இல்லை, என்னைத் தூக்கிவிட ஒருத்தி வந்தாளேன்னு விட்டுட்டியா?

போன வாரம் யாரையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்துவிட்டேன், தெரியுமா?

ஒன்று சொல்லி வைக்கிறேன். சரசு பேத்தி கல்யாணத்துக்குப் போவேன். பந்தியில் கீழே உட்காருவேன். இலையைத் தொட மாட்டேன், தண்ணீர் தொட மாட்டேன். கடையில் சொன்னதைச் சரசு அம்புட்டுப் பேர் காதிலும் விழச் சொல்லணும். சொன்னால் சாப்பிடுவேன். சொல்லலைன்னா, ஒருத்தர் கையும் பிடிக்காமல் எழுந்து வருவேன்.

உன் சொல்லை ஒரு தடவை தவறவிட்ட,
உன் கூடப் பிறந்தவள்