போர்டுக்கு முன்னால் மூன்றடி

மார்ச் 3
குளிர்பதனக் குடோனில் புது மெயின் மின் போர்டை மாட்டி முடித்தோம். அத்தானும் நானும் மட்டும்தான். வயர் இழுத்தது முழுக்க நான்! தினமும் போனில் பார்க்கிற வயரிங் வீடியோ அண்ணன் சொல்லித்தருவது போலவே, போர்டுக்கு முன்னால் மூன்றடி அளந்து தரையில் மஞ்சள் கோடு போட்டேன். கோட்டுக்குள் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. ஆள் நின்று வேலை செய்ய, ஏதாவது ஆனால் சட்டென்று விலக, அந்த இடம் வேண்டும்.

அத்தான் வீட்டுக்கு வந்தும் சிரித்தார். “ஊருக்குத்தான் உபதேசம். இங்க போர்டுக்கு அடியில என் செருப்பு ரேக் நிக்குதே, அதை எங்க வைக்கப்போற, மூணடி?”

“அவளுக்கு எதுக்குப் பட்டப்பேரு? ஒழுங்காக் கூப்பிடுங்க” என்றாள் அக்கா.

எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

மார்ச் 11
நாளை சோதனை அதிகாரி வருகிறார். கோட்டுக்குள் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள்! குடோன் மேலாளரிடம் கத்தினேன். எடுக்க வைத்தார்.

மார்ச் 12
பாஸ்!! காலி இடத்தை மஞ்சள் கோட்டோடு படம் எடுத்து, வீடியோ அண்ணன் நடத்தும் எலக்ட்ரீஷியன் குழுவில் போட்டேன். அவரே ஹார்ட் போட்டார்!!! அண்ணனே!!!

சாயங்காலம் பெட்டிகள் திரும்பக் கோட்டுக்குள் வந்துவிட்டன. “அதான் படம் எடுத்தாச்சுல்லம்மா, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். லைக் நானூறு தாண்டிவிட்டது.

மார்ச் 13
சொல்லவில்லை.

மார்ச் 27
அத்தான் போய் எட்டு நாள்.

ஒரு குளிர் அறை நின்றுவிட்டது. மெயினை அணைத்தால் மற்ற அறைகளும் நிற்கும், சரக்கு கெடும் என்று மேலாளர் அணைக்க விடவில்லை. அத்தான் பெட்டிகளுக்கும் போர்டுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தார். “பெட்டியை எடுத்துட்டுச் செய்யலாம் அத்தான்”னு சொன்னேன். “அஞ்சு நிமிஷ வேலை, மூணடி”ன்னாரு. டெஸ்டர் எடுக்கத் திரும்பினேன். அதுக்குள்ள —

பின்னால இடம் இருந்திருந்தா ஷாக் அடிச்சதும் விழுந்திருப்பாரு. விழுந்திருந்தா பிழைச்சிருப்பாரு. பெட்டிங்க அவர விழவிடல. போர்டு மேலயே சாய்ச்சு வச்சிருந்துச்சு. மெயின் சுவிட்சும் அதே போர்டுலதான். ஒவ்வொரு பெட்டியா இழுத்துப் போட்டு என் கை எட்டறதுக்குள்ள... எத்தனை பெட்டி? ஏன் அன்னிக்கே வாயத் திறக்கல நான்?

ஏப்ரல் 2
அந்தப் படத்துக்கு இன்னும் லைக் வருகிறது. ‘இதுதாண்டா வேலை’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். படத்தையே நீக்கிவிட்டேன். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் என் முகத்தில் முழிப்பாளா?

ஏப்ரல் 9
சொல்லிவிட்டேன். படம், பெட்டி, நான் பேசாமல் இருந்தது, எல்லாம். அக்கா அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 15
அக்காவிடமிருந்து சாப்பாட்டுத் தட்டு மட்டும் என் முன்னால் வருகிறது.

ஏப்ரல் 20
காலையில் எதையோ இழுக்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். செருப்பு ரேக்கை அக்கா தனியாக வாசல்வரை நகர்த்தியிருந்தாள். அத்தானின் செருப்பு அவள் கையில். போர்டுக்கு அடியில், ரேக் நின்ற இடம் மட்டும் தரை வெளுத்திருந்தது.

என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “மூணடி, போதுமான்னு அளந்து பாரு.”

அளந்தேன். மூன்றடி, இரண்டு அங்குலம்.