பிடிவாதத்துக்கு ஐந்து லென்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக இவர் சட்டைப் பொத்தானில் ஒரு சீட்டைக் கட்டினேன். 'ரிலக்டன்ட்'. மனசில்லாமல் செய்கிற ஆள். கிளம்பும்போது பார்த்துவிட்டு, "இன்னைக்கு நான் இதுவா?" என்றார். "துணி காயப்போடச் சொன்னா உங்க மூஞ்சி எப்படிப் போகுதோ, அதுதான்." கழற்றாமலே லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன கிண்டல் பண்ணினார்களோ.

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், ஃப்ரேமில் நூல் கோத்துக் கட்டும் விலைச் சீட்டு பழசானால் குப்பைக்குப் போய்விடும். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் சொல்லை எழுதி வீடு முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறேன். பொறுமையே இல்லாத குக்கரில் 'இம்பேஷன்ட்'. வாசல் கதவில் 'வெல்கமிங்'. நான் பட்டம் வாங்கியவள்தான். படித்தால் புரியும், பேச வாயெடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் வாண்டுக்காக. வெளியூரில் இருக்கிற, கல்யாணம் நிச்சயமான மகளை இன்னும் வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டில் வேறு மொழி. அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக இருப்பது இங்கிலீஷ் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், என் பெண் எப்படிப்பட்டவள் என்று சம்பந்தியம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். வாண்டுதான் மொழிபெயர்த்தாள். நாலே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"என்னடி சொன்னே?"

"உனக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னேம்மா."

அவ்வளவுதானா நான் சொன்னது?

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை இரண்டு குடும்பமும் நேரில் பார்த்துச் சாப்பிடப்போகிறோம். அவர்கள் வீட்டுக்கு எப்படிப்பட்டவள் வருகிறாள் என்பதை அந்த அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும். அவளைப் பற்றி அவளே எப்படிச் சொல்வாள்? பாதியை முழுங்கிவிடுவாள்.

மார்ச் 6, வெள்ளி

'ஃபாண்ட்', அதாவது பிரியமான ஆள், என்று எழுதிய சீட்டை இவர் தானாக எடுத்துச் சட்டையில் கட்டிக்கொண்டார். நான் முடிச்சை இறுக்கிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

கடையில் ஒரு பஸ் டிரைவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்லயா, ரெண்டாவதா, எது தெளிவு?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இருங்க, முன்ன போட்டதைத் திரும்பப் போடுங்க" என்றார். எப்போதும் இப்படித்தான். ஒன்று போலத்தான் இருக்கும், மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சொல்லும் அப்படித்தானே?

சாயங்காலம் இவரை எதிரே உட்காரவைத்தேன். சொற்கள்தான் லென்ஸ்; பார்க்கவேண்டிய எழுத்து, வாண்டின் பிடிவாதம்.

"ஸ்டபர்ன்?"

"துருப்பிடிச்ச போல்ட்டு மாதிரி இருக்கு."

"அப்ஸ்டினேட்?"

"அது எங்க மேனேஜரு."

"ஹெட்ஸ்ட்ராங்?"

"சுவத்துல முட்டிக்கிற ஆளு."

"டிடர்மின்ட்?"

"மேடையேறிப் பரிசு வாங்குற பிள்ளை. நம்ம வாண்டு என்னைக்கு மேடையேறினா?"

"டினேஷியஸ்?"

"காய்ச்சல் மருந்தா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு, அந்த அம்மா எதிரே இருப்பதாக நினைத்து இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். இவர் தன் போனில் பதிவு செய்தார். என் மகள் ஸ்டபர்ன். இல்லை, அப்ஸ்டினேட். இல்லை இல்லை... கடையில் சரளமாக வரும் ஒரே இங்கிலீஷும் நடுவில் வந்து விழுந்தது: "ஃபர்ஸ்ட் ஆர் செகண்ட்? விச் ஒன் கிளியர்?"

மார்ச் 12, வியாழன்

இவர் அந்தப் பதிவை அனுப்பிவிட்டார். வாண்டுக்கு அனுப்புவதாக நினைத்து, இரண்டு குடும்பமும் இருக்கிற கல்யாண குரூப்பில்.

"நீ எப்படிப் பேசுறேன்னு அவ கேக்கட்டுமேன்னு... ஒரு பெருமைதான்..."

கோபப்படக்கூட வரவில்லை. அழிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 13, வெள்ளி

வாண்டு போன் செய்தாள்.

"அம்மா, அஞ்சு விதமா என்னைப் பிடிவாதக்காரின்னு சொல்லியிருக்கே. அவங்க பெரியப்பா வரைக்கும் கேட்டாச்சு!"

"நல்ல வார்த்தையாத் தேடிட்டு இருந்தேன்டி."

"தேடினது போதும்மா. மாசக் கடைசி சனிக்கிழமை நீ ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துலயே உட்காந்துக்கறேன். எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கறேன்."

அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எனக்காகப் பயப்படுகிறாளா, என்னால் பயப்படுகிறாளா? இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது. மாற்றிப் பார்க்கத் தைரியம் இல்லை.

இவர் போனில் ஒரு சீட்டு தொங்குகிறது. 'டேஞ்சரஸ்'. நான் கட்டவில்லை.

மார்ச் 14, சனி

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

வந்துவிட்டது! குரூப்பில் சம்பந்தியம்மாவின் குரல். தயங்கித் தயங்கி, "மை சன் இஸ் லேஸி" என்றார். ஏதோ பக்கம் புரட்டும் சத்தம். "நோ. ஐடில்." மறுபடி பக்கம் புரளுகிறது. "நோ, நோ. ஸ்லீப்பி." பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "ஃபர்ஸ்ட் ஆர் செகண்ட் ஆர் தேர்ட்? விச் ஒன் கிளியர்?"

அவரும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்! இத்தனை நாள் நான் யாரை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன்? எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தேர்ட்" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

உடனே வாண்டு போனில். "மாமியாரும் அம்மாவும் சேர்ந்து எங்க மானத்தை வாங்குங்க, நல்லாயிருக்கும்." சிரித்தாள். ஆனாலும், "அந்தச் சனிக்கிழமை நான் பக்கத்துலதான் இருப்பேன், சரியா?"

மார்ச் 19, வியாழன்

சம்பந்தியம்மா இன்று எனக்குத் தனியாக ஒரு குரல் அனுப்பியிருந்தார். உங்கள் மகள் ஸ்டபர்ன் என்றீர்களே, எப்படி? சொல்லுங்கள்.

எப்படி?

சோறு வேகும்வரை அதையே யோசித்தேன். வாண்டுக்குப் பன்னிரண்டு வயது. இவர் லிஃப்ட் வேலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த சமயம். எலும்பு கூடிய பிறகும் எழமாட்டேன் என்றார். விழுந்த பயம். டாக்டர் சொல்லிப் பார்த்தார், நான் கெஞ்சிப் பார்த்தேன். வாண்டு காலை டீயைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "வந்து குடிப்பா." கத்தினார். பிறகு அழுதார். அவளும் அழுதுகொண்டே நின்றாள், ஆனால் டம்ளரை எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கே அவள்மேல் ஆத்திரம். டீ ஆறிப்போனது. மறுநாளும் அதே நாற்காலி. ஒரு நாள் எழுந்து போய்க் குடித்தார். அதற்கடுத்த நாள் டீ அறை வாசலுக்குப் போயிருந்தது. பிறகு கூடத்துக்கு. கடைசியில் அடுப்படிக்கு.

இன்றும் காலை டீயை அடுப்படியில் நின்றுதான் குடிக்கிறார்.

இதைச் சொல்ல எந்தச் சொல் வேண்டும்? டீ, ஃபாதர், வாக், க்ரை, டோர், கிச்சன். எல்லாம் முதல் வகுப்பில் படித்தவை. சீட்டில் எழுதத் தேவையே இல்லாத சொற்கள். என்னிடம் இல்லாத சொல்லைத் தேடித்தான் வீடெல்லாம் சீட்டுக் கட்டியிருக்கிறேன்.

கட்டியது வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஐந்தையும் போட்டுப் பார்த்ததால்தான் ஐந்தும் பொருந்தவில்லை என்று தெரிந்தது.

"நேரில் சொல்கிறேன்" என்று பதில் அனுப்பினேன்.

மார்ச் 27, வெள்ளி

மத்தியானம் வாண்டு வந்துவிட்டாள். வந்ததும் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "வீடா, கண்ணாடிக் கடையா?" என்றாள். ஒன்றை அவிழ்த்துத் தன் ஜடையில் கட்டிக்கொண்டு அப்பாவிடம் போய் நின்றாள். 'ஹெட்ஸ்ட்ராங்'. இவர் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதற்கு அவள் தலையை அப்படித் தடவிக்கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த டீ விஷயமே அவளுக்கு மறந்திருக்கலாம். ஞாபகம் இருந்தாலும் அவள் வாயால் வராது.

நாளைக்கு யார் எங்கே உட்காருவது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் அவள். "நீ சிரிச்சா போதும்மா, மீதியை நான் பாத்துக்கறேன்." தலையாட்டி வைத்தேன்.

சாப்பாடு பரிமாறியதும் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடு என்று அவளை மேஜையின் மறுகோடிக்கு அனுப்புவேன். அவள் திரும்பி வந்தால் அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். டீயை எங்கெங்கே வைத்தாள் என்று நானே சொல்லுவேன், தப்பும் தவறுமாக. கடைசியில் ஒரு தடவை, தமிழிலேயே, பிடிவாதம் என்பேன்.

கைப்பையில் எழுதாத சீட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாவின் மொழியில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள.